தசைக்கு வாரங்கள் போதும், நாணுக்கு மாதங்கள் வேண்டும்

2012 லண்டன் ஒலிம்பிக். 110 மீட்டர் தடை ஓட்டத்தில் முதல் தடையிலேயே இடறி விழுந்தார் சீனாவின் லியூ ஷியாங். ஏதென்ஸில் தங்கம் வென்றவர். அவரது வலது காலின் அகில்லிஸ் தசைநாண் அறுந்திருந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் ஓடாமலே அவரைத் திரும்ப வைத்ததும் அதே நாண்தான்.

கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் கெட்டியான பட்டை அது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு விசை அதன்மேல் ஏறும். 60 கிலோ ஆளுக்கே 400 கிலோவைத் தொட்டுவிடும். கால் ஊன்றும்போது நாண் சில சதவீதம் நீண்டு, எழும்பும்போது சுருங்கி, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது.

சரி, பயிற்சி செய்தால் இந்த நாண் மாறுமா? டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட முடிவு கொஞ்சம் திகைக்க வைக்கும். 1955 முதல் 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் எகிறியது. நாணில் பதிந்திருந்த அந்தத் தடயத்தை வைத்து அதன் வயதைக் கணக்கிட்டார்கள். அதன் மையப்பகுதி ஏறக்குறைய 17 வயதோடு உருவாகி முடிந்துவிடுகிறது. பிறகு புதுப்பிக்கப்படுவது மிக மிகக் குறைவு.

ஆனால் வாள்வீச்சு, பேட்மிண்டன் வீரர்களைப் பாருங்கள். பாய்ந்து பாய்ந்து ஊன்றும் முன்காலில், முட்டிச்சில்லுக்குக் கீழே முன்பக்கமுள்ள நாண் மற்ற காலைவிட சில இடங்களில் 20 சதவீதத்துக்கும் மேல் பருமனாக இருந்தது, விறைப்பும் அதிகம். சிறுவயதுப் பயிற்சியும், வெளிப்புறத்தில் புதிதாகச் சேரும் கொலாஜன் என்ற நார்ப்புரதமும் காரணமாக இருக்கலாம்.

சிக்கல் வேகத்தில்தான். கடுமையாகப் பயிற்சி செய்ததும் நாணில் கொலாஜன் உற்பத்தி கூடி, இரண்டு மூன்று நாள் அப்படியே நீடிக்கும். ஆனால் சிதைவும் கூடவே கூடுகிறது. முதல் ஒன்றரை நாளுக்குக் கணக்குப் பார்த்தால் நட்டம்தான். தினமும் குதித்துக்கொண்டே இருந்தால் அந்த நட்டம் அடையவே அடையாது. தசை சில வாரங்களில் வலுத்துவிடும். நாணுக்குப் பல மாதங்கள் தேவை. லீவு முடிந்து வந்ததும் பழைய வேகத்தில் ஓடச் சொல்லும் கோச்சுகள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

வலி வந்தபின் முழு ஓய்வு எடுப்பதும் சரிப்படாது. சுமையே இல்லாத நாண் இன்னும் பலவீனமாகும். ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-ல் வெளியிட்ட முறை இதற்கு நேர் எதிரானது. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலால் மேலே எழும்பி, வலிக்கிற காலுக்கு எடையை மாற்றிக் குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். முட்டியை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கி மூன்று சுற்று. காலை, மாலை இருவேளையும். ஆக ஒரு நாளைக்கு 180 தடவை, 12 வாரம்! ஓரளவு வலித்தாலும் தொடரணும். வலி அடங்கினால் முதுகில் பையை மாட்டி எடையைக் கூட்டணும். அவரிடம் வந்த 15 பேரும் மறுபடி ஓடினார்கள்.

இத்தனை தடவை செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு அப்புறம் இன்னொரு வழியும் கிடைத்தது. வாரம் மூன்றே நாள் ஜிம்மில் கனமான எடையை நிதானமாகத் தூக்கி இறக்கினாலும் பலன் ஏறக்குறைய அதேதான் என்று 2015-ல் டென்மார்க்கிலிருந்தே ஓர் ஆய்வு வந்தது.