பாப்புலிசம்: ‘ஜனரஞ்சகம்’ என்றால் போதுமா?

மும்பையில் செய்தித்தாள் படிக்கிற தமிழருக்கு இந்தச் சொல் பல வேடங்களில் வரும். ஆங்கிலத்தில் பாப்புலிசம். இந்தியில் லோக்லுபாவன், அதாவது மக்களை ஆசைகாட்டி இழுப்பது. மராத்தியில் லோகானுநய், மக்களைத் தாஜா செய்வது. தமிழ்ப் பத்திரிகைகளும் ‘ஜனரஞ்சக அறிவிப்பு’, ‘கவர்ச்சித் திட்டம்’ என்று அதே வழியில்தான் போகின்றன. இதனால் தேர்தலுக்கு முன் மிக்சி தருவதாகச் சொன்னாலே பாப்புலிசம் என்று ஆகிவிட்டது.

வேர், ‘மக்கள்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லான பாப்புலஸ். ரயில் கம்பெனிகளும் வங்கிகளும் தங்களைச் சுரண்டுவதாகக் கொதித்த அமெரிக்க விவசாயிகள் 1892இல் மக்கள் கட்சி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்களுக்குத்தான் பாப்புலிஸ்ட் என்ற பெயர். வசையாக மாறியது அப்புறம். இன்று ஆய்வாளர்கள் பலரும் எடுத்தாள்வது டச்சு அறிஞர் காஸ் மூடே 2004இல் தந்த வரையறை: ஒரு பக்கம் தூய மக்கள், எதிர்ப்பக்கம் ஊழல் மேட்டுக்குடி, அரசியல் என்பது மக்களின் பொது விருப்பத்தின் வெளிப்பாடாக இருக்க வேண்டும். இதில் மிக்சிக்கு இடமே இல்லை.

1960களில் இதே ஊரில் ‘லுங்கி ஹடாவ்’ (லுங்கியை விரட்டு) என்று தமிழர்களை விரட்டினார்களே, அதை மண்ணின் மைந்தர் வாதம் என்பதே சரி. அது பக்கத்து வீட்டுக்காரனை அந்நியன் என்கிறது. பாப்புலிசம் மேலே இருப்பவனைக் கைகாட்டுகிறது. இரண்டும் கூட்டுச் சேர்வது சகஜம்.

கொள்ளைநோய் வந்தால் அந்த ‘மேலே இருப்பவன்’ டாக்டராகவும் அதிகாரியாகவும் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறான். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. 1897இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. புனேயில் வீடு புகுந்து நடத்திய சோதனைகள் மூட்டிய கோபத்தில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். 2020இல் கொரோனாவுக்கும் அதே சட்டம்தான். ஆனால் தாராவியில் நடந்தது வேறு: மாநகராட்சி ஊழியர்களோடு அங்கேயே கிளினிக் நடத்தும் டாக்டர்களும் வீடுவீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். தெரிந்த டாக்டர் கதவைத் தட்டினால் திறக்க யாரும் யோசிப்பதில்லை.

கொள்ளைநோய் பாப்புலிஸ்ட்டுகளின் ஓட்டைக் கூட்டுமா, குறைக்குமா என்றால் கணக்கு நேராக வராது. ஆபத்தின் தொடக்கத்தில் ஆட்சியில் இருப்பவரைச் சுற்றி மக்கள் திரள்வார்கள். ஜெர்மனியின் வலதுசாரி பாப்புலிஸ்ட் கட்சியான ஏ.எஃப்.டி. 2017இல் 12.6 சதவீதம் வாங்கியது, 2021இல் 10.3க்கு இறங்கியது, 2025இல் 20.8க்கு ஏறிவிட்டது. ஆட்சியில் இருந்துகொண்டே நோயை அலட்சியம் செய்தவர்கள் அடிவாங்கியதும் உண்டு: கொரோனாவைச் ‘சின்னக் காய்ச்சல்’ என்று சொன்ன பிரேசில் அதிபர் போல்சனாரோ 2022இல் மயிரிழையில் தோற்றார். எல்லாவற்றுக்கும் நோயே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். விலைவாசிக்கும் பங்கு உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘மக்கள்வாதம்’ கேட்க இனிமை, அதனாலேயே ஆபத்து. மக்களுக்காகப் பேசுகிறவர் எல்லோருக்கும் அது பொருந்திவிடும். ‘பரப்பியல்வாதம்’ எதையோ பரப்புவதுபோல ஒலிக்கிறது. ‘ஜனரஞ்சகம்’ வாரப் பத்திரிகைகளுக்கே இருக்கட்டும். என் தேர்வு ‘வெகுமக்கள்வாதம்’. ஆளைக் குறிக்க ‘வெகுமக்கள்வாதி’. தடுப்பூசி இலவசம் என்று அறிவிப்பது நலத்திட்டம். “டாக்டர்களும் படித்தவர்களும் உங்களை ஏமாற்றுகிறார்கள், நான்தான் உங்கள் குரல்” என்பது வெகுமக்கள்வாதம்.