வாசிக்காதபோதும் ஊளையிடும் பெடல்

வீட்டிலேயே ரிங் மாடுலேட்டர் பெடல் (கிட்டாரின் ஒலியை மணியோசைபோல மாற்றும் சிறு கருவி) ஒன்றைச் செய்து முடித்த வாசகர் ஒருவர், கிட்டார் கம்பியைத் தொடாத நேரத்திலும் ஒலிபெருக்கியில் ஒரே சீரான ஊளை கேட்கிறதே, எந்த உறுப்பு கெட்டிருக்கும் என்று கேட்டிருக்கிறார். எந்த உறுப்பும் கெடாமலேயே இது நேரக்கூடும்.

இந்தப் பெடல் செய்யும் வேலை பெருக்கல். கிட்டாரின் அலையையும், பெடலுக்குள் இருக்கும் அலையியற்றி தரும் ஊர்தி அலையையும் பெருக்கினால், பள்ளியில் படித்த முக்கோணவியல் வாய்பாட்டின்படி, இரண்டின் அதிர்வெண்களும் மறைந்து அவற்றின் கூட்டலும் கழித்தலும் மட்டுமே மிஞ்சும். 110 ஹெர்ட்ஸில் அதிரும் கம்பியை 300 ஹெர்ட்ஸ் ஊர்தி அலையோடு பெருக்கினால் 410, 190 என்று இரண்டு ஒலிகள் கிடைக்கும். அதே கம்பியின் 220 ஹெர்ட்ஸ் மேற்சுரம் 520 ஆகவும் 80 ஆகவும் பிரியும். இவை ஒன்றுக்கொன்று முழு எண் மடங்காக அமையாததால்தான் கிட்டார் வெண்கல மணியைப்போல ஒலிக்கிறது.

மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடுகள் நான்கு, இந்தப் பெருக்கலை எப்படிச் செய்கின்றன என்பதை எத்தனை முறை வரைந்து பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இரண்டு சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள். அவற்றுக்கு நடுவே, ஒன்றின் வாலை மற்றொன்று பிடித்தாற்போல் ஒரே திசையில் சுற்றி வரும் நான்கு டையோடுகள். ஊர்தி அலை இரு டிரான்ஸ்ஃபார்மர்களின் நடு முனைகளுக்கு (கம்பிச்சுருளின் நடுவிலிருந்து எடுத்த இணைப்புகளுக்கு) இடையே கொடுக்கப்படுகிறது. அது நேர்க்குறியில் இருக்கும்போது எதிரெதிரே உள்ள இரண்டு டையோடுகள் திறந்து, கிட்டாரின் அலையை நேராகக் கடத்துகின்றன. எதிர்க்குறிக்கு மாறியதும் மற்ற இரண்டு திறந்து, கம்பிகளைக் குறுக்கே மாற்றிப் பிணைத்ததுபோல் அந்த அலையைத் தலைகீழாகக் கடத்துகின்றன. அதாவது, கிட்டாரின் அலை நொடிக்கு 300 முறை +1 ஆலும் 300 முறை –1 ஆலும் மாறி மாறிப் பெருக்கப்படுகிறது. தொலைபேசிப் பொறியாளர் ஃபிராங்க் கோவன் 1930-களில் இந்தச் சுற்றுக்குக் காப்புரிமை பெற்றபோது, ஒரே கம்பி இணையில் பல உரையாடல்களை அனுப்புவதற்கு உதவும் கருவியாகத்தான் இது கருதப்பட்டது.

இனி ஊளைக்கு வருவோம். ஊர்தி அலையின் மின்னோட்டம் நடு முனையில் இரண்டாகப் பிரிந்து, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் இரு பாதிகளிலும் எதிரெதிர்த் திசைகளில் ஓடுகிறது. இரண்டும் மிகச் சரியாகச் சமமாக இருந்தால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். நாம் எதிர்பார்க்கும் அமைதி, ஒலி இல்லாததால் வருவதன்று. இரண்டு பெரிய ஒலிகளின் கழித்தலால் வருவது. அந்தக் கழித்தலில் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சினால்கூட, அது மூல ஊர்தி அலையைவிட 40 டெசிபெல் மட்டுமே தாழ்ந்த ஊளையாகக் கேட்கும். டையோடுகளைத் திறந்து மூட வேண்டியிருப்பதால் ஊர்தி அலை கிட்டாரின் அலையைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தாக வேண்டும் என்பதையும், கம்பியின் ஒலி தேய்ந்துகொண்டே போகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த மிச்சம் ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பது விளங்கும்.

ஆகவே முதலில் டையோடுகளை ஒத்த இணைகளாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மல்டிமீட்டரின் டையோடு நிலையில் அளந்து, சில மில்லி வோல்ட் வேறுபாட்டுக்குள் அமையும் நான்கைப் பொறுக்கலாம். ஆனால் விரல்களால் பிடித்துக்கொண்டு அளக்கக் கூடாது. சிலிக்கான் டையோடின் மின்னழுத்தம் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ 2 மில்லி வோல்ட் குறைவதால், விரல் சூட்டில் ஐந்து பாகை ஏறினாலே நீங்கள் அளப்பது டையோடை அன்று, உங்கள் உடல் வெப்பத்தைத்தான். ஜெர்மேனியம் டையோடு போட்டால்தான் 'உயிருள்ள' ஒலி வரும் என்ற நம்பிக்கை பெடல் செய்வோரிடையே ஏறத்தாழ ஒரு சமயமாகவே இருக்கிறது. அது குறைந்த மின்னழுத்தத்திலேயே திறக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்த ஜெர்மேனியம் டையோடுகள் கிடைப்பது அரிது. அதற்குப் பதிலாக ஷாட்கி என்ற வகை டையோடைப் போடலாம், அதுவும் குறைந்த மின்னழுத்தத்திலேயே திறந்துவிடும்.

ஊளை மெலிதாக இல்லாமல் காதைப் பிளந்தால், ஒரு டையோடு அறுந்திருக்கலாம் அல்லது திசை மாறிப் பற்றவைக்கப்பட்டிருக்கலாம். வளையமாக அமைக்க வேண்டியதைப் பழக்கத்தால், மாறுதிசை மின்னோட்டத்தை நேர்த்திசையாக்கும் மின்திருத்தியின் பால அமைப்பில் பற்றவைத்துவிடுவதும் உண்டு. அப்போது ஊர்தி அலை இரு மடங்கு அதிர்வெண்ணில் கேட்கும், கிட்டார் ஏறக்குறைய காணாமலே போகும். மாறாக, மாறாத கிட்டார் ஒலி கூடவே கசிந்தால், டிரான்ஸ்ஃபார்மரை அவசரப்பட்டுக் குறை சொல்ல வேண்டாம். ஊர்தி அலையில் நேர்த்திசை மின்னழுத்தம் கலந்து, +1 நேரமும் –1 நேரமும் சமமில்லாமல் போயிருக்கக்கூடும். அலையியற்றியின் வெளியீட்டில் ஒரு மின்தேக்கியைத் தொடராகச் சேர்த்தால் அது சரியாகும். டிரான்ஸ்ஃபார்மரின் இரு பாதிகளும் ஓம் அளவில் சற்று வேறுபடுவதும் இயல்பே, ஏனெனில் வெளிப்புறமாகச் சுற்றிய பாதிக்குக் கம்பி கூடுதலாகச் செலவாகிறது.



எல்லாம் சரியாக இருந்தும் மிஞ்சும் ஊளைக்கு, உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனையை இணைக்காமல் விட்டுவிட்டு, டையோடுகளை நோக்கிய கம்பிச்சுருளின் இரு முனைகளுக்குக் குறுக்கே சில நூறு ஓம் டிரிம்பாட் (திருகி மாற்றக்கூடிய சிறு மின்தடை) ஒன்றைப் பொருத்தி, அதன் நடுக்காலில் ஊர்தி அலையைக் கொடுக்கலாம். கிட்டாரின் ஒலியளவை முழுவதும் குறைத்துவிட்டு, ஊளை மிகவும் தாழும் இடம் வரை அதைத் திருகுங்கள். பற்றவைத்த சூடு ஆறிய பிறகு, பெட்டியை மூடுவதற்கு முன்பு, அதை இன்னொரு முறை திருகிப் பாருங்கள். முதலில் கண்ட இடம் சற்றே நகர்ந்திருக்கும்.