99 என்ற எண்ணைத் தொடும் முன்

கப்பலூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில், ஓடும் நூலின் தடிமனை அளந்து, பிசிறு கண்டால் மணியடிக்கும் கருவியைச் சில ஆண்டுகளுக்கு முன் நிறுவினோம். ஒற்றை கோர் கொண்ட, அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலையையே ஓட்டக்கூடிய, சிறிய ஏ.ஆர்.எம். கணினிப் போர்டு; அதில், வேலைகள் குறித்த நேரத்தில் நடக்க உதவும் பிரீஎம்ப்ட் ஆர்.டி. திருத்தம் சேர்த்த 5.10 லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி). நிரலுக்குள் தனித்தனியே ஓடும் வேலை இழைகளுக்கு த்ரெட் என்று பெயர். அளவீட்டை வாசிக்கும் த்ரெட்டுக்கு 80, திரையில் வரைபடம் தீட்டும் த்ரெட்டுக்கு 40, எஸ்.டி. கார்டில் பதிவெழுதும் த்ரெட்டுக்கு 10 என முன்னுரிமை கொடுத்திருந்தோம். மூன்றும் ஃபிஃபோ வகை, அதாவது பெரிய எண் ஓடும்வரை சிறிய எண் காத்திருக்க வேண்டிய நிகழ்நேர வகை. எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. ஷிப்டு மாறும் நேரத்தில் மட்டும், அதுவும் எப்போதாவது, அளவீடு தாமதமாகிப் பொய்யாக மணி அடித்தது. (ஆலையில் “த்ரெட்டில்தான் கோளாறு” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, நூல் எங்கே அறுந்தது என்று கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லி ஓய்ந்தோம்.)

ஷிப்டு மாறும்போதுதான் மேற்பார்வையாளர் அன்றைய வரைபடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறார் என்பது எங்களுக்கு உறைக்கவே இரண்டு வாரம் ஆயிற்று. தரவைத் தற்காலிகமாக வைக்கும் பொதுவான பஃபருக்கு ஒரு மியூட்டெக்ஸ் உண்டு, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டு. பதிவெழுதும் த்ரெட் அந்த மியூட்டெக்ஸைப் பிடித்திருக்கும் வேளையில் அளவீட்டு த்ரெட் அதே மியூட்டெக்ஸுக்காகக் காத்து நிற்கிறது. அந்நேரம் வரைபட த்ரெட் விழித்து, தன்னைவிடத் தாழ்ந்த பதிவு த்ரெட்டைத் தள்ளிவிட்டு ப்ராசஸரை எடுத்துக்கொள்கிறது. ஆக 80 என்ற எண் பெற்றது, தனக்குத் தொடர்பே இல்லாத 40க்காகக் காத்துக்கிடக்கிறது. இதற்குப் பெயர் முன்னுரிமைத் தலைகீழாக்கம்.

மதுரை கீழமாசி வீதியை ஒட்டிய குறுகிய சந்து ஒன்றில் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி நிற்கிறது, அதன் பின்னால் ஆம்புலன்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்து முனையில் ஆட்டோக்கள் விடாமல் போய்க்கொண்டிருப்பதால் தள்ளுவண்டியால் வெளியேற முடியவில்லை. ஆம்புலன்ஸின் சைரனை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. முனையில் நிற்கும் காவலர், பின்னால் ஆம்புலன்ஸ் நிற்பதைக் கருதி, அந்தத் தள்ளுவண்டிக்காக ஆட்டோக்களை நிறுத்த வேண்டும். மியூட்டெக்ஸைப் பிடித்திருக்கும் தாழ்ந்த த்ரெட்டுக்கு, காத்திருக்கும் உயர்ந்த த்ரெட்டின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் இந்த முறையைத்தான் முன்னுரிமை மரபுரிமை என்கிறோம். லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி மூவரும் 1990இல் இதை முறையான கோட்பாடாக எழுதினார்கள். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் மீண்டும் மீண்டும் ரீசெட் ஆனதற்கும் இதே கோளாறுதான் காரணம். அதன் விஎக்ஸ்வொர்க்ஸ் கர்னலில் இந்த வசதி இருந்தும் குறிப்பிட்ட மியூட்டெக்ஸுக்கு அணைத்து வைக்கப்பட்டிருந்தது, பூமியிலிருந்தபடியே அதை இயக்கிவிட்டார்கள்.

இவ்வளவும் படித்தறிந்தவர்கள்தாம் நாங்கள். ஆனாலும் ஆலையிலிருந்து தொலைபேசி வந்துகொண்டே இருந்தபோது, காரணம் பிடிபடும் முன்பே, அளவீட்டு த்ரெட்டை 80லிருந்து 99க்கு ஏற்றினோம். கூடவே, தாமதத்தைத் தவிர்ப்பதாக எண்ணி, தரவு வரும்வரை உறங்காமல் சுழன்றுகொண்டே பார்க்கும்படி நிரலையும் மாற்றினோம். போர்டு ஊமையாகிவிட்டது. அந்தத் திருத்தம் சேர்ந்த கர்னலில் பெரும்பாலான இன்டரப்ட் கையாளிகளும் (வன்பொருள் அனுப்பும் அழைப்புகளைக் கவனிக்கும் நிரல்பகுதிகளும்) த்ரெட்டுகளாகவே ஓடும். அவற்றின் இயல்பான முன்னுரிமை 50. சென்சாரின் தரவைக் கொண்டுவர வேண்டிய த்ரெட் 50இல் காத்திருக்க, அந்தத் தரவுக்காகவே 99 சுழன்றுகொண்டிருந்தது. தண்ணீர் கொண்டுவரப் போகிறவனை வாசலிலேயே மறித்துக்கொண்டு தாகம் என்று கத்தினால் எப்படி?

குறித்த நேரத்துக்குள் நிரல் தட்டிக்கொடுக்காவிட்டால் போர்டை ரீசெட் செய்ய வேண்டிய காவல் ஏற்பாடு வாட்ச்டாக். அது ஏன் ரீசெட் செய்யவில்லை என்பதுதான் இன்னும் சுவையான செய்தி. நிகழ்நேர த்ரெட்டுகள் மொத்த நேரத்தையும் விழுங்கிவிடாமல் இருக்க, அந்தக் கர்னலில் ஒவ்வொரு நொடிக்கும் 0.95 நொடிதான் அவற்றுக்கு என்ற வரம்பு உண்டு. மீதி 0.05 நொடி சாதாரண த்ரெட்டுகளுக்குப் போகும். தாழ்ந்த நிகழ்நேர த்ரெட்டுகளுக்குப் போகாது. எங்கள் வாட்ச்டாக்கைத் தட்டிக்கொடுத்த நிரல் சாதாரண வகை. அது அந்த 0.05 நொடியில் எழுந்து “எல்லாம் நலம்” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. பாதுகாப்புக்காக வைத்த இரண்டு ஏற்பாடுகள் சேர்ந்து கோளாற்றை மறைத்தன.

திருத்தம் சிறியதுதான். நம் நிரல்கள் பயன்படுத்தும் பித்ரெட் வகை மியூட்டெக்ஸ் உருவாகும்போது மரபுரிமை இயல்பாக அமைவதில்லை. கர்னல் தன் உள்பூட்டுகளுக்கு அதைச் செய்துகொண்டாலும், நம் நிரலின் பூட்டுக்கு நாம்தான் கேட்டுப் பெற வேண்டும். அதைக் கேட்டு வாங்கினோம். அதைவிட முக்கியமாக, மியூட்டெக்ஸைப் பிடித்துக்கொண்டே கார்டில் எழுதும் வழக்கத்தை விட்டு, தரவை வேறொரு பஃபருக்கு நகலெடுத்துப் பூட்டை விட்ட பிறகு எழுதும்படி மாற்றினோம். மரபுரிமை இருந்தாலும், கார்டு தாமதித்தால் உயர்ந்த த்ரெட்டும் அவ்வளவு நேரம் காத்துத்தானே ஆக வேண்டும்?

சாதாரண த்ரெட்டுகளின் நைஸ் எண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. -20 முதல் 19 வரையிலான அந்த எண் பங்கைத்தான் மாற்றும். இடைவிடாது ஓடும் இரண்டு த்ரெட்டுகளில் ஒன்றுக்கு 0, மற்றொன்றுக்கு 1 என்றால் ப்ராசஸர் நேரம் ஏறத்தாழ 55க்கு 45 என்று பிரியும், யாரும் பட்டினி கிடப்பதில்லை. 1 முதல் 99 வரையிலான ஃபிஃபோ எண் அப்படியன்று. அது தாழ்ந்தவர்களை முழுமையாக விலக்கி வைக்கும் உரிமை. அதனால் ஒரு த்ரெட்டுக்கு எந்த எண் பொருந்தும் என்பதை அந்த த்ரெட்டை எழுதியவரால் தனியாகச் சொல்லிவிட முடியாது. கர்னலை வளர்ப்பவர்களே இதை ஒப்புக்கொண்டு, 2020இல் வந்த 5.9 பதிப்பில், டிரைவர் மாட்யூல்கள் (கருவிகளை இயக்கக் கர்னலில் சேர்க்கும் பகுதிகள்) தாமாக எண் தேர்ந்தெடுக்கும் வழியை அடைத்துவிட்டார்கள். இப்போது ஒரு மாட்யூல் ஃபிஃபோ வேண்டும் என்று கேட்கலாம். கிடைப்பது நடுவிலுள்ள 50, இல்லையேல் அடியிலுள்ள 1. மாற்ற வேண்டுமானால் முழு அமைப்பையும் பார்ப்பவர்தான் மாற்ற வேண்டும்.

இன்று அந்த ஆலையின் போர்டில் சென்சார் இன்டரப்ட் த்ரெட் 70, அளவீடு 60, வரைபடம் சாதாரண வகை, பதிவும் சாதாரண வகை. வாட்ச்டாக்கைத் தட்டும் வேலையை அளவீட்டு த்ரெட்டிடமே ஒப்படைத்துவிட்டோம். ஒரு நூல் அளவு வந்து சேர்ந்தால்தான் அது தட்டும்.