டாம்கேட்டுக்குள் ஒரு கோரிக்கை போகும் பாதை

ஜாவா படிக்கிறவர்கள் யாரைப் பார்த்தாலும் அப்பாச்சி டாம்கேட்டின், அதாவது ஜாவாவில் எழுதிய இணையச் செயலிகளை ஓட்டும் சர்வரின், மூலநிரலை ஒருமுறை திறந்து பாருங்கள் என்று சொல்வேன். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தபோது ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதத் தொடங்கிய நிரல் அது. 1999-இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். நான்காம் பதிப்புக்காக கிரெய்க் மெக்லனஹன் உள்கட்டமைப்பைப் புதிதாக எழுதினார். கேட்டலினா என்ற அந்தக் கட்டமைப்புதான் இன்றும் உள்ளே நிற்கிறது. இத்தனை வருடம் தாங்கியதற்குக் காரணம், அதன் ஒரு பாகத்துக்கு இன்னொன்றைப் பற்றி மிகக் கொஞ்சமே தெரியும்.

வாசலில் கனெக்டர். 8080 போர்ட்டில் காத்திருந்து, உலாவியிலிருந்து வரும் பைட்டுகளை ஒரு கோரிக்கைப் பொருளாக மாற்றித் தருவது அதன் வேலை. அதற்குப் பின்னால், கோரிக்கையை உரிய செயலிக்கு அனுப்பும் எஞ்சினுக்கு அந்தப் பைட்டுகள் எந்த நெறிமுறையில் வந்தன என்ற கவலை இல்லை. அதனால்தான் எச்டிடிபி/2 என்ற புதிய இணைய நெறிமுறை வந்தபோது, மேலே ஓடும் செயலிகளைத் திருத்தாமலேயே அதைச் சேர்க்க முடிந்தது.

அடுத்தது தபால் முகவரி மாதிரிதான். எஞ்சினுக்குள் ஹோஸ்ட், அதாவது டொமைன் பெயர். ஹோஸ்ட்டுக்குள் கான்டெக்ஸ்ட், அதாவது ஒரு செயலி. அதற்குள் ராப்பர், அதாவது ஒரே ஒரு சர்வ்லெட் (கோரிக்கைக்குப் பதில் தயாரிக்கும் ஜாவா கிளாஸ்).

எனக்கு மிகவும் பிடித்த இடம் இங்கேதான் இருக்கிறது. இந்த நான்கு அடுக்குகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பைப்லைன் உண்டு. அதில் வால்வுகளை, அதாவது கோரிக்கை கடந்து போகும் சிறு நிரல்களை, வரிசையாகக் கோக்கலாம். ஒரு வால்வில் எழுத வேண்டியது ஒரே மெத்தட். அதன் நடுவே, அடுத்த வால்வைக் கூப்பிடும் ஒற்றை வரி. அந்த வரிக்கு மேலே எழுதியது கோரிக்கை உள்ளே போகும்போது ஓடும். கீழே எழுதியது பதில் திரும்பும்போது ஓடும். மேலே நேரத்தைக் குறித்து, கீழே கழித்துப் பார்த்தால், ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த வரியை மறந்தால் உலாவியில் வெற்றுப் பக்கம்தான் வரும், பிழைச் செய்தியே இருக்காது. வேண்டுமென்றே கூப்பிடாமலும் விடலாம்: ஐபி முகவரியைப் பார்த்து வடிகட்டும் வால்வு, அனுமதி இல்லாதவருக்கு 403 என்ற மறுப்புப் பதிலைக் கொடுத்து அங்கேயே நிறுத்திவிடுகிறது. புது வால்வைச் சேர்க்க டாம்கேட்டின் நிரலைத் தொடவே வேண்டாம். வால்வின் கிளாஸ் அடங்கிய ஜார் கோப்பை லிப் கோப்புறையில் போட்டு, டாம்கேட்டின் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பில் கிளாஸின் பெயரை எழுதினால் போதும்.

கிளாஸ்களைத் தேடி நினைவகத்தில் ஏற்றும் கிளாஸ்லோடர் விஷயம் இன்னும் நுட்பமானது. ஜாவாவின் வழக்கப்படி ஒரு கிளாஸ் தேவைப்பட்டால் முதலில் பெற்றோர் லோடரைத்தான் கேட்க வேண்டும். டாம்கேட் இதைத் திருப்பிப் போட்டது. ஜாவாவின் அடிப்படை கிளாஸ்களையும் சர்வ்லெட் ஏபிஐயையும் தவிர மற்றதை, செயலி தன் சொந்தக் கோப்புறையில்தான் முதலில் தேடும். அதனால் ஒரே சர்வரில் இரண்டு செயலிகள், ஒரே நூலகத்தின் வெவ்வேறு பதிப்புகளோடு சண்டையில்லாமல் ஓடுகின்றன.

இதற்கு ஒரு விலையும் உண்டு. செயலியை நிறுத்தினாலும், அது தொடங்கிய ஒரு த்ரெட் (தனியே ஓடும் ஒரு வேலை) ஓடிக்கொண்டே இருந்தால், அதன் கிளாஸ்லோடரை நினைவகத்திலிருந்து விடுவிக்க முடியாது. அது ஏற்றிய கிளாஸ்கள் அத்தனையும் கூடவே தங்கிவிடும். செயலியைப் பலமுறை மறுபடி டெப்லாய் செய்தால், அதாவது சர்வரில் நிறுவினால், நினைவகம் நிரம்பிவிடலாம். செயலி நிற்கும்போது டாம்கேட் இதைத் தேடிப் பார்த்து, நிற்காத த்ரெட்டின் பெயரோடு லாக்கில் எச்சரிக்கை எழுதுகிறது. சர்வரை ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் அந்த வரியைப் படியுங்கள்.