அந்தக் கை இப்போது எங்கே இருக்கிறது?

ஐந்தரை வயதுப் பையன். அறைக்குள் வந்தவன் முதலில் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அடுத்துத் தலையை நிமிர்த்திக் கூரையின் நான்கு மூலைகளையும் பார்த்தான். அதன் பிறகுதான் அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்தான். பதினெட்டு நாட்களாகத் தனியே படுக்க மாட்டேன் என்கிறான், விளக்கை அணைக்க விடுவதில்லை, எப்போதோ நின்றுபோயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பிவிட்டது என்று அம்மா அடுக்கிக்கொண்டே போனார். அதற்கு முன்னால் ஏதாவது நடந்ததா என்று கேட்டேன். அப்பா கொஞ்சம் தயங்கினார். "ஒரு படம் பார்த்தான் டாக்டர். பொம்மைப் படம்தான்."

குழந்தைகளுக்கான மனநல மருத்துவராக இந்தப் பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த 'தான்' என்ற சின்னச் சொல் அசையாத நம்பிக்கையோடு வந்து விழும். ஓவியமாக அசைந்தால் அது குழந்தைகளுக்கானது என்று நாமாகவே முடிவு செய்துகொண்டு, ரிமோட்டை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். (அடையாளம் தெரியாதபடி இந்தக் குடும்பத்தின் விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

படம், ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கி 2007இல் வெளிவந்த 'பேவுல்ஃப்'. பத்து வயது அண்ணன் பட்டியலில் தேடிப் போட்டிருக்கிறான். வாள், வீரன், டிராகன், அனிமேஷன். தப்பாக எதுவும் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அப்பா முதல் பத்து நிமிடம் கூட உட்கார்ந்திருக்கிறார். அப்போது ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருக்கிறது.

அந்தக் கதை எனக்குப் பிடித்த கதை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் 3,182 அடிகள் கொண்ட வீர காவியம் அது. எழுதியவர் யாரென்று தெரியாது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி, 1731இல் நடந்த தீவிபத்தில் ஓரம் கருகித் தப்பி, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. டென்மார்க் அரசன் ஹ்ரோத்கார் ஹெயரோட் என்ற பெரிய மண்டபத்தைக் கட்டுகிறான். அங்கே இரவுதோறும் எழும் பாட்டும் கொண்டாட்டமும் கிரெண்டல் என்ற அரக்கனுக்கு வேதனையாக இருக்கிறது. கடல் கடந்து வரும் பேவுல்ஃப் அவனையும் பிறகு அவன் தாயையும் கொல்கிறான். தன் நாட்டுக்குத் திரும்பி, ஐம்பது ஆண்டுகள் அரசாண்டு, முதுமையில் ஒரு டிராகனோடு போரிட்டு இறக்கிறான்.

படம் இந்தக் கதையை வேறு திசையில் இழுத்துச் செல்கிறது. அரக்கனின் தாயைப் பேவுல்ஃப் கொல்வதில்லை, அவளிடம் மயங்குகிறான், பிற்பாடு வரும் டிராகன் அவனுக்கே பிறந்த பிள்ளை. வீரனின் பொய், கிழட்டு வயதுக் குற்ற உணர்வு என்று முழுக்க வளர்ந்தவர்களுக்கான விஷயம். அமெரிக்காவில் இதற்குக் கொடுக்கப்பட்ட சான்றிதழ் பிஜி-13. அதற்கான காரணத்தையும் ஒரே வரியில் எழுதியிருந்தார்கள்: மனதைக் கலங்கடிக்கும் படிமங்கள் உள்ளிட்ட கடுமையான வன்முறைக் காட்சிகள், ஓரளவு பாலியல் விஷயங்கள், நிர்வாணம். பிரிட்டனில் 12ஏ. பிஜி-13 என்பது பதின்மூன்று வயதுக்குக் கீழ் வரவே கூடாது என்ற தடை அல்ல, பெற்றோருக்கான எச்சரிக்கை. 12ஏ என்றால் பன்னிரண்டுக்குக் கீழே உள்ள குழந்தை திரையரங்கில் பெரியவரோடுதான் உட்கார வேண்டும். இரண்டுமே, பெரியவர் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பித் தரப்படும் சான்றிதழ்கள். வீட்டுக் கூடத்தில் அந்தப் பெரியவர்தான் தொலைபேசியோடு பால்கனிக்குப் போய்விடுகிறாரே! போதாததற்கு, திரையரங்கில் வந்ததைவிடக் கூடுதல் ரத்தத்தோடு இன்னொரு பதிப்பும் டிவிடியில் வந்தது. எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

இது கையால் வரைந்த கார்ட்டூனும் இல்லை. நடிகர்களுக்கு உடலோடு ஒட்டிய உடையை மாட்டி, முகத்திலும் உடம்பிலும் சிறு குறிகளை ஒட்டி, அவர்கள் நடித்ததைக் கணினியில் பிடித்து, அதன்மேல் வேறு உடலைப் போர்த்துவார்கள். இதே இயக்குநர் 2004இல் இப்படி எடுத்த படத்தில் பாத்திரங்களின் கண்கள் செத்துக் கிடக்கின்றன என்று விமர்சனம் வந்ததால், இந்த முறை கண்ணைச் சுற்றி உணரிகளை ஒட்டிக் கண்ணசைவையும் பதிவு செய்தார்கள். விளைவு, கார்ட்டூனுக்கும் மனிதனுக்கும் நடுவில், மனிதனுக்கு வெகு அருகில் நிற்கும் ஓர் உருவம். அப்படி நெருங்கியும் நெருங்காமலும் இருப்பவை நமக்கு அருவருப்பைத் தரும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970இலேயே எழுதினார். அழுகிய தோலும் திறந்து கிடக்கும் செவிப்பறையுமாக இந்தப் படத்தில் வரும் கிரெண்டல், பெரியவர்களையே நெளிய வைப்பான்.

சிறு குழந்தைக்கு இது பல மடங்காகிறது. ஏழு வயது வரை, ஒன்று எப்படித் தெரிகிறதோ அதுவாகவே இருக்கிறது. அமெரிக்காவில் ஜோஆன் கேன்டர் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் இந்தப் பயங்களை ஆராய்ந்தார். 'தி இன்க்ரெடிபிள் ஹல்க்' தொடரில் சாதாரண மனிதர் பச்சை உடம்பு ராட்சசனாக மாறும் காட்சியை மழலைப் பள்ளிக் குழந்தைகளுக்கும் பெரிய குழந்தைகளுக்கும் காட்டினார்கள். மாறி வந்தவன் நல்லவன், காப்பாற்ற வந்தவன் என்பது பெரிய குழந்தைகளுக்குப் புரிந்தது, பயம் குறைந்தது. மழலைகளுக்கு அவன் மாறியதே பெரும் பயம். நல்லவன் என்ற செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை.

ஆகவே, "கடைசியில் நல்லவன்தானே ஜெயிக்கிறான்" என்று பெற்றோர் சொல்லும் சமாதானம் ஐந்து வயதுக்கு எட்டாது. அதிலும் இந்தக் கதையின் பயம் ரத்தத்தில் இல்லை, தூக்கத்தில் இருக்கிறது. காவியத்தில் கிரெண்டல் முதல் இரவில் முப்பது பேரைத் தூக்கிக்கொண்டு போகிறான். எல்லோரும் உண்டு களைத்துத் தூங்கிக்கொண்டிருப்பவர்கள். பன்னிரண்டு ஆண்டுகள் இது தொடர்கிறது. பேவுல்ஃப் விழித்தபடி படுத்திருக்கும் இரவிலும், பக்கத்தில் தூங்கும் தோழன் ஒருவன் முதலில் பலியாகிறான். படத்தில் இன்னொன்றும் இருக்கிறது: பேவுல்ஃப் கண்விழிக்கும்போது அவன் ஆட்கள் கூரை உத்தரங்களில் பிணமாகத் தொங்குகிறார்கள். கிரெண்டலின் கை துண்டாவது கதவில் சிக்கி. இந்தக் காட்சிகளை மீண்டும் பார்த்தபோதுதான் அந்தப் பையன் ஏன் முதலில் கதவையும் பிறகு கூரையையும் பார்த்தான் என்று எனக்குப் புரிந்தது. அவன் ஒழுங்காகச் சோதனை போட்டிருக்கிறான்! பாதுகாப்பு இல்லாத இடத்தில் தூங்கினால் என்ன ஆகும் என்பதுதான் அவன் அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டது.

இரவில் அலறுவதெல்லாம் ஒன்றல்ல. பெற்றோர் வழக்கமாகக் குழம்பும் இடம் இது. கெட்ட கனவு பெரும்பாலும் இரவின் பின்பகுதியில் வரும். குழந்தை முழுதாக விழித்து, அழுது, என்ன கண்டது என்று சொல்லும், நம்மைக் கட்டிக்கொள்ளும். இரவு அச்சம் என்பது வேறு. தூங்கிய ஓரிரு மணி நேரத்தில், ஆழ்ந்த தூக்கத்தின் நடுவிலேயே எழுந்து உட்கார்ந்து கத்தும். கண் திறந்திருக்கும், நம்மை அடையாளம் தெரியாது, காலையில் ஒன்றும் நினைவிருக்காது. முதல் வகைக்கு அணைப்பு வேண்டும். இரண்டாவதில் உலுக்கி எழுப்பக் கூடாது; விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் தானே அடங்கிவிடும். இந்தப் பையனுக்கு வந்தது முதல் வகை. விடியற்காலை நாலரை மணி, கனவில் கதவு.

வீட்டில் அவர்கள் செய்தது எல்லோரும் செய்வதுதான். "அது நிஜமில்லை, கம்ப்யூட்டரில் செய்தது" என்று விளக்கியிருக்கிறார்கள். அண்ணன் "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்திருக்கிறான். பயம் தெளியட்டும் என்று அப்பா அதே காட்சியைத் திரும்பப் போட்டுக் காட்டியிருக்கிறார். இந்த மூன்றாவதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். படிப்படியாகப் பழக்கிப் பயத்தைக் குறைப்பது ஒரு சிகிச்சை முறைதான்; ஆனால் அதற்கு அளவும் வரிசையும் உண்டு, குழந்தையின் சம்மதமும் உண்டு. பிடித்து உட்கார வைத்துக் காட்டுவது சிகிச்சை ஆகாது.

விளக்கம் என்பது வயதைப் பொறுத்தது. ஒன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு இதே மாதிரிப் பயம் வந்தபோது, நடிகர்கள் உடம்பெல்லாம் புள்ளிகளோடு வெற்று அரங்கில் குதிக்கும் படப்பிடிப்புக் காட்சிகளைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள், அத்தோடு சரி. ஐந்து வயதுக்கு அதே காட்சி, அரக்கனுக்குள் ஓர் ஆள் இருக்கிறான் என்ற புதுப் பயத்தைத் தரலாம். மழலைகளுக்கு உதவுவது எது என்பதிலும் கேன்டர் குழுவினரின் முடிவு என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது: பேச்சைவிட உடம்பு. மடி, போர்வை, பிடித்த பொம்மை, குடிக்க ஏதாவது. கண்ணை மூடிக்கொள்கிறேன் என்றால் மூடிக்கொள்ளட்டும். "பயப்படாமல் பார்" என்று கையை விலக்க வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு வீரக் கதைகளே குழந்தைகளுக்கு வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அரக்கன் இல்லாத கதையைக் கேட்க எந்தக் குழந்தை உட்காரும்? காவியத்தில் கிரெண்டலின் முழு உருவ வர்ணனையே கிடையாது. இருட்டில் தீ போல ஒளிரும் கண், எஃகு போன்ற நகம், நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய தலை, இவ்வளவுதான். மீதியைக் கேட்பவர் கற்பனைக்கு விட்டுவிட்டார் அந்தப் புலவர். வாயால் சொல்லும்போது குழந்தை தன்னால் தாங்க முடிந்த அளவு பெரிய அரக்கனைத்தான் மனதில் வரைந்துகொள்ளும். முகம் மாறினால் சொல்பவர் நிறுத்திக்கொள்ளலாம். திரை நிறுத்தாது. அது எல்லோருக்கும் ஒரே அளவு அரக்கனைத்தான் காட்டும்.

படம் பார்த்த சில நாட்கள் பயப்படுவதும், இரவில் அம்மா பக்கத்தில் படுப்பதும் இயல்பு. பல வாரங்கள் ஆகியும் குறையவில்லை, பள்ளிக்குப் போகப் பயம், பகலிலும் தனியே கழிப்பறைக்குப் போக மறுப்பு, சாப்பாடு குறைவது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வளர்ந்து கைவிட்ட பழக்கங்கள் திரும்புவதும் அப்படித்தான். திட்டாமல் அழைத்து வந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அந்தப் பையன் நான்கு முறை வந்தான். முதல் முறை எதுவும் பேசவில்லை. இரண்டாம் முறை கிரெயானைக் கொடுத்தேன். தாள் முழுக்க ஒரே ஒரு கை வரைந்தான், பழுப்பு நிறத்தில், ஆறு விரல்களோடு. அரக்கனை வரையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே கேட்டான்: "அந்தக் கை இப்போது எங்கே இருக்கிறது?"

எல்லோரும் அவனிடம் கிரெண்டல் செத்துவிட்டான் என்றே சொல்லியிருந்தார்கள். கையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கை செத்துவிட்டதா இல்லையா என்பது அவனுக்குத் தீராத கேள்வியாக இருந்திருக்கிறது. "எனக்குத் தெரியவில்லையே, நீ என்ன நினைக்கிறாய்?" என்றேன். பதில் வரவில்லை. படத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போக மறுத்து, மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

நான்காம் முறை வந்தபோது கூரையைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் மட்டும் ஒரு பார்வை. அதே தாள், மடிப்புகளில் கிழிந்து, இப்போது கைக்குப் பக்கத்தில் நீளமான தலைமுடியோடு இன்னோர் உருவம். "இது யார்?" என்றேன்.

"அவன் அம்மா. கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்."

அந்தப் பையனுக்கு இன்னும் ஆனா ஆவன்னாவே முழுதாக வராது. ஆனால் அந்தக் காவியத்தில், மகன் செத்த மறுநாள் இரவு ஹெயரோட்டுக்கு வரும் தாய், வெற்றிச் சின்னமாக வைத்திருந்த அவன் கையைத்தான் எடுத்துக்கொண்டு போகிறாள்.

"போய்?" என்று கேட்டேன்.

"தைத்துவிடுவாள்" என்றான். பிறகு பச்சை கிரெயான் வேண்டும் என்று கையை நீட்டினான்.