தாரைப் பூசிவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்

கூரை திருத்துகிற எனக்கு இந்த ஏப்ரலில் இது ஆறாவது வீடு. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு மாடிவீடு, மேல்மாடி அறையின் சீலிங்கில் தேநீர் நிறத்தில் கறை. "தம்பி, போன வருஷமும் ஒழுகினது, தார் பூசினனான், திரும்பவும் ஒழுகுது" என்றார் ஐயா. ஏறிப் பார்த்தேன். சிம்னியைச் சுற்றி விரல் தடிப்புக்குத் தார். அதற்கடியில் ஃபிளாஷிங் தகடு, அதாவது சிம்னியும் கூரையும் சேரும் இடுக்கை மறைக்கும் உலோகத் தகடு, செங்கல்லை விட்டு விலகி நின்றது.

பகலில் உருகிய பனி தகட்டுக்குப் பின்னால் இறங்கும், இரவில் உறையும். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருக்கும். ஒரு குளிர்காலம் முழுக்க இதே கதை. சாந்து உதிர்ந்து, தகடு வாய் பிளக்கும்.

சரி, பிளந்த வாயைத் தாரால் அடைத்தால் என்ன? எல்லாரும் கேட்பது இதைத்தான். ஊரில் கிடுகு வேய்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். கீழ்வரிசையை முதலில் கட்டி, மேல்வரிசையை அதன்மேல் ஏற்றிக் கட்டுவார்கள். பசையா பூசினார்கள்? ஃபிளாஷிங்கும் அதே கணக்குத்தான். சிம்னியின் பக்கவாட்டில் ஷிங்கிள் (கூரையில் ஓடுபோல அடுக்கும் தார் அட்டை) வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தகடு. அவற்றை மூடி, செங்கல் இடுக்கில் வெட்டிச் செருகிய மேல்தகடு. ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால்தான் தண்ணீர் உள்ளே போகாமல் வழிகிறது. தார் குளிரில் வெடிக்கும். வெடிப்பால் உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பலகையை உக்க வைக்கும். ஐயா வீட்டுப் பலகையில் என் திருப்புளி புட்டுக்குள் போவதுபோல இறங்கியது. தாரைச் சுரண்டவே அரைநாள் போனது. அதற்கும் கூலி எழுதினேன், கோபிக்க வேண்டாம்.

சிம்னி 30 அங்குலத்துக்கு மேல் அகலமென்றால் அதன் மேட்டுப்பக்கத்தில் தண்ணீரைப் பிரித்துவிடும் சின்ன முகடு ஒன்றும் வேண்டும். அதற்குப் பெயர் கிரிக்கெட். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அதுதான் பெயர்.

கூரை விளிம்பில் உறைந்த ஐஸைக் கோடாலியால் கொத்தாதீர்கள், குளிரில் ஷிங்கிள் பிஸ்கட்போல முறியும். புதுப்பனியை நிலத்தில் நின்றபடியே நீளக்கம்பு வாரியால் இழுத்துவிடுங்கள். ஜனவரியில் ஒழுகினால் கூரைக்கு அடியிலுள்ள அட்டிக் வெளியில் வாளி வையுங்கள், படம் எடுங்கள், தற்காலிகமாக மூடித்தரச் சொல்லுங்கள். முழுவேலை வெயில் வந்தபிறகு. கடுங்குளிரில் ஷிங்கிளின் ஒட்டுப்பட்டை பிடிக்காது.

அறுபது தாண்டிய ஐயாமாரே, தயவுசெய்து ஏணியைத் தொடாதீர்கள். வருகிறவர் விலைச்சீட்டில் "சீல் செய்தல்" என்று மட்டும் எழுதித் தந்தால், எந்தத் தகட்டைக் கழற்றி எதைப் போடப்போகிறார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.