கடற்படைப் பெண் அதிகாரிக்குப் பென்ஷன் உண்டா?

24 வயதில் கடற்படைச் சீருடை போட்ட ஒரு பெண் 38 வயதில் வீட்டுக்கு வருகிறார். கையில் பணிக்கொடை இருக்கும், மாதாமாதம் வரும் பென்ஷன் இருக்காது. பல ஆண்டுகளாக இதுதான் நிலைமை. எல்லாம் ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு.

ஷார்ட் சர்வீஸ் கமிஷன் என்ற குறுகிய கால நியமனத்தில் சேரும் அதிகாரி பெரும்பாலும் அதிகபட்சம் 14 ஆண்டுதான் பணியில் இருக்க முடியும். அதிகாரிகளுக்குப் பென்ஷன் வர 20 ஆண்டுப் பணி வேண்டும். குறைகிற அந்த 6 ஆண்டுக்கு ஒரே வழி, நிரந்தர கமிஷன், அதாவது ஓய்வு வயதுவரை பணியில் இருக்கும் நியமனம்.

பெண்களுக்கு அது ஏன் இல்லாமல் போனது? 1957ஆம் ஆண்டுக் கடற்படைச் சட்டத்தின் 9(2) பிரிவின்படி, மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் கடற்படைத் துறைகளைத் தவிர வேறு எதிலும் பெண்களைச் சேர்க்க முடியாது. லாஜிஸ்டிக்ஸ் (பொருள் வழங்கல்), சட்டம், கல்வி ஆகியவற்றில் சேர்க்கலாம் என்ற அறிவிப்பே 1991இல்தான் வந்தது. அப்புறம் 2008இல் கல்வி, சட்டம், கப்பல் வடிவமைப்புப் பிரிவுகளில் நிரந்தர கமிஷன் உண்டு என்றார்கள். ஆனால் 2009 ஜனவரிக்குப் பிறகு சேர்பவர்களுக்கு மட்டும்! தொண்ணூறுகளிலேயே சேர்ந்து உழைத்தவர்கள் வெளியே நின்றார்கள்.

அவர்களில் சிலர் நீதிமன்றம் போனார்கள். 2015இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. ரஷ்யாவில் கட்டிய கப்பல்களில் பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை என்பதும் அரசுத் தரப்பு வாதங்களில் ஒன்று. ஆனி நாகராஜா என்ற அதிகாரியின் பெயரால் அறியப்படும் அந்த வழக்கில் 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது.

பணியில் இருந்த பெண்களையும் நிரந்தர கமிஷனுக்குப் பரிசீலிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். வழக்காடியவர்களில் இடையிலேயே விடுவிக்கப்பட்டவர்களுக்கு, பென்ஷனுக்குரிய காலத்தை முடித்ததாகவே கருதிச் சலுகை தரச் சொன்னது. ஒருமுறை மட்டும் என்று செய்த ஏற்பாடு இது. இதை நம்பி இன்று பென்ஷன் கிடைக்கும் என்று இருந்துவிட முடியாது.

இன்னொன்று, பரிசீலனை என்றால் உத்தரவாதம் இல்லை. அந்தப் பிரிவில் காலியிடம் இருக்க வேண்டும். ஒருவரின் பணியை மதிப்பிட்டு ஆண்டுதோறும் எழுதப்படும் ரகசிய அறிக்கைகளை வைத்துத் தகுதி வரிசை போடுவார்கள். ஆகவே 10ஆம் ஆண்டில் விழித்துக்கொண்டால் போதாது, முதல் அறிக்கையிலிருந்தே கணக்கு ஓடுகிறது.

விடுப்பில் சிக்கல் குறைவு. முழுச் சம்பளத்துடன் 180 நாள் மகப்பேறு விடுப்பு, இரண்டு குழந்தைகள் வரை. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கவனிக்க, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 360 நாள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்தால் 180 நாள். அதிகாரிகளுக்கு இருந்த இந்த விதிகளைப் பெண் மாலுமிகளுக்கும் விரிவாக்க 2023 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது.

சரி, நிரந்தர கமிஷன் கிடைக்காமல் ஒப்பந்த காலம் முடித்து வருபவருக்கு? பணிக்கொடையுடன் விடுவிக்கப்பட்டால் அவரும் முன்னாள் படைவீரர்தான். விடுவிப்பு ஆவணங்களுடன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்யலாம். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் 2019 முதல் இவர்களுக்கு உண்டு. அது தானாக வராது, பணம் கட்டிச் சேர வேண்டும்.